சுவரில் பூத்த கறுப்பும் மகளின் இருமலும்

வாசகி எழுதியது

பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர், கையால் எழுதிய எட்டுப் பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். சுருக்கம் இது.

தரைத்தளத்தில் வாடகை வீடு. கணவர், 7 வயது மகள், 71 வயது மாமியார் ஆகியோருடன் வசிக்கிறார். மூன்று மாதங்களுக்கு முன்பு ஐந்து நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் இரவு சாக்கடை எதிர்த்துப் பொங்கிப் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. படுக்கையறையில் கணுக்கால் அளவு தண்ணீர். வடிய மறுநாள் மாலை ஆயிற்று. இறைத்தார்கள், கழுவினார்கள், நனைந்த பஞ்சு மெத்தையை மூன்று நாள் வெயிலில் போட்டெடுத்து மறுபடி கட்டிலில் விரித்தார்கள். இரண்டு வாரம் கழித்து, உருண்டுபோன காதணியைத் தேடிப் பீரோவை நகர்த்தியபோதுதான் பின்சுவரில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. பிளீச் தெளித்துத் துடைத்தார். பத்து நாளில் திரும்பி வந்தது. கணவர் மேலே பெயின்ட் அடித்தார். ஒரு மாதத்தில் அந்தப் பெயின்டையே கொப்புளம் கொப்புளமாகத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. இப்போது ஒரு கதவின் பாதி அளவுக்குப் பரவியிருக்கிறது.

மகளுக்குச் சிறு வயதில் மூச்சிரைப்பு வந்து போனதுண்டு. கடந்த இரண்டு மாதங்களாக இரவில் இருமுகிறாள். இரண்டு முறை மூச்சு இரைத்து நெபுலைசர் வைக்க வேண்டியிருந்தது. மருத்துவர் தினமும் எடுக்கும்படி இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். பழகினால் விட முடியாது என்று உறவினர்கள் சொன்னதால் ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். கறுப்புப் பூஞ்சை மூளையைத் தாக்கும் விஷம் என்று இவர் எங்கோ படித்திருக்கிறார். காற்றையும் குழந்தையின் சிறுநீரையும் சோதிக்க வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். வீட்டுச் சொந்தக்காரரோ, "ஜன்னலைத் திறப்பதில்லை, உள்ளேயே துணி காயப்போடுகிறீர்கள், பூஞ்சை வராமல் என்ன செய்யும்?" என்கிறார்.

கேள்விகள் நான்கு: மகளின் நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுவிட்டதா? சோதனைகள் செய்யலாமா? சொந்தக்காரர் சொல்வது சரியா? வீட்டை உடனே காலி செய்ய வேண்டுமா?

என் பதில்

உங்கள் கடிதத்தில் "நான்தான் கவனிக்காமல் விட்டேன்" என்ற வரி நான்கு இடங்களில் வருகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். பூஞ்சை வளர இருட்டும் ஈரமும் அசையாத காற்றும் போதும். சுவரை ஒட்டி நிற்கும் பீரோவின் முதுகுப்புறத்தில் மூன்றும் இருக்கின்றன. அங்கே யாரும் தினமும் எட்டிப் பார்ப்பதில்லை. நானும் பார்ப்பதில்லை. என் வீட்டுப் புத்தக அலமாரிக்குப் பின்னால் கைப்பிடி அளவு பச்சைப் பூசணம் பல மாதம் சௌகரியமாகக் குடியிருந்தது. கண்டுபிடித்தவுடன் நானும் உங்கள் கணவரைப் போலப் பெயின்ட் டப்பாவைத்தான் தேடினேன்.

முதல் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் விவரித்திருப்பதைப் படித்தால் நிரந்தரப் பாதிப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அடங்கியிருந்த ஆஸ்துமா மறுபடி கிளம்பியிருக்கிறது என்றே தோன்றுகிறது. இரவு இருமல், இரைப்பு, நெபுலைசருக்கு உடனே தணிவது, முன்பே இருந்த மூச்சிரைப்பு எல்லாம் அந்தத் திசையைத்தான் காட்டுகின்றன. நேரில் மார்பில் குழல் வைத்துக் கேட்காமல் இதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆஸ்துமாவாக இருந்தால், அது கட்டுக்குள் கொண்டுவரக்கூடிய நோய். மூச்சுக்குழாய்களின் உட்சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகுவதால் வருகிற தொல்லை அது. தூண்டுவதை விலக்கி, மருந்தை ஒழுங்காக எடுத்தால் வீக்கம் வடியும்.

வீட்டு ஈரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? உண்டு. அமெரிக்க தேசிய அகாதமிகளின் மருத்துவக் கழகம் 2004-லும், உலக சுகாதார நிறுவனம் 2009-லும் அதுவரை வந்த ஆய்வுகளை மொத்தமாக எடைபோட்டுப் பார்த்தன. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருமல், இரைப்பு, மூக்கடைப்பு, ஆஸ்துமா மோசமாவது ஆகியவை கூடுதலாகக் காணப்படுகின்றன என்பதே இரண்டும் சொன்ன முடிவு. பூஞ்சையின் வித்துகள் எங்கும் மிதப்பவை. வித்தே இல்லாத காற்று வெளியில்கூடக் கிடையாது. ஈரச்சுவர் செய்வது என்னவென்றால், உங்கள் மகள் தூங்கும் அறையிலேயே அவற்றுக்கு ஒரு நாற்றங்கால் போட்டுக்கொடுப்பதுதான்.

கறுப்பு என்றால் விஷமா?

நிறத்தைப் பார்த்துப் பூஞ்சையின் சாதியைச் சொல்ல முடியாது. வீடுகளில் கறுப்பாகத் தெரிபவற்றில் பெரும்பாலானவை கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா, ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற சாதாரண வகைகள். பேய்க்கதை நாயகனாகிவிட்ட ஸ்டாக்கிபோட்ரிஸ் என்பது கரும்பச்சை நிறம் கொண்டது. தொடர்ந்து ஊறிக்கிடக்கும் காகிதம், அட்டை, ஜிப்சம் பலகை போன்ற நார்ப்பொருள்கள்தான் அதற்குப் பிடித்த இடம். அதன் பெயர் கெட்டதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1993, 1994 ஆண்டுகளில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. முதல் ஆய்வு இந்தப் பூஞ்சையைக் கைகாட்டியது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதே தரவுகளை மறுபடி சோதித்து, அந்தத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று 2000-ல் அறிவித்தது. முதல் செய்திதான் உலகம் சுற்றியது. திருத்தம் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. நீங்கள் படித்த "மூளையைத் தாக்கும் விஷம்" அந்த முதல் செய்தியின் பேரப்பிள்ளைகளில் ஒன்று.

ஆகவே காற்றுச் சோதனை வேண்டாம். இத்தனை வித்துக்கு மேல் போனால் ஆபத்து என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகோல் எதுவும் இல்லை. சோதனைத்தாளில் ஒரு எண் வரும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்கு எட்டுகிறது, அதற்குமேல் எதைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? எந்த வகையாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே: ஈரத்தை நிறுத்தி, பூஞ்சையை அகற்றுவது. பூஞ்சை நச்சைச் சிறுநீரில் தேடும் சோதனைகளை இதைவிடக் கடுமையாக மறுக்கிறேன். ஆரோக்கியமானவர்களின் சிறுநீரிலும் உணவு வழியாக அவை சிறிது வரும். அதைக் காட்டி "உடலில் நச்சு ஏறியிருக்கிறது" என்று பயமுறுத்தி, ஒரு 7 வயதுக் குழந்தைக்குப் பூஞ்சைக்கொல்லி மாத்திரைகளை மாதக்கணக்கில் கொடுத்திருப்பதைப் பார்த்து நான் கோபப்பட்டிருக்கிறேன். சோதனை செய்தே ஆக வேண்டும் என்றால், பூஞ்சை ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்கும் தோல் குத்துச் சோதனைக்கு அர்த்தம் உண்டு. அதுவும் உங்கள் மருத்துவர் தேவை என்று நினைத்தால் மட்டும்.

இன்ஹேலரை நிறுத்தியது தவறு

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், இந்த மூன்று மாதத்தில் நடந்தவற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். சுவர் காய மாதங்கள் ஆகலாம். அதுவரை அவளுடைய மூச்சுக்குழாய்கள் வீங்கியே இருக்க வேண்டியதில்லை.

இன்ஹேலரில் இரண்டு வகை உண்டு. இரைப்பு வரும்போது சில நிமிடங்களில் குழாயைத் தளர்த்துவது ஒன்று, பெரும்பாலும் சால்பியூட்டமால். வீக்கத்தை மெல்ல வடியவைக்கத் தினமும் எடுப்பது இன்னொன்று. அதில் மிகக் குறைந்த அளவு ஸ்டீராய்டு இருக்கும். இரண்டாவதைத்தான் உங்களுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். அது முழுப்பலன் தரச் சில வாரங்கள் ஆகும். ஒரு வாரத்தில் நிறுத்தினால் பலன் தெரிவதற்குள் நிறுத்தியதாகத்தான் அர்த்தம். அடிமைப்படுத்தும் குணம் அதற்கு இல்லை. உறிஞ்சும் மருந்து நேராகக் குழாய்க்குப் போவதால் அளவும் மிகக் குறைவு: சால்பியூட்டமால் ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதையே மாத்திரையாக விழுங்கினால் 2,000 அல்லது 4,000 மைக்ரோகிராம் உடல் முழுவதும் சுற்றும். பக்கவிளைவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஸ்டீராய்டு இன்ஹேலரை வருடக்கணக்கில் எடுத்த குழந்தைகளின் இறுதி உயரம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் குறைந்திருப்பதாக ஆய்வு இருக்கிறது. மூச்சுவிடத் தவித்துத் தூக்கம் கெடும் இரவுகளோடு அந்த ஒரு சென்டிமீட்டரை நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஸ்பேசர் எனப்படும் குழாய்ப்பெட்டியை மாட்டித்தான் கொடுக்க வேண்டும். முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். கொப்பளிக்காவிட்டால் வாயில் வெண்மையாகப் படர்வதும் ஒரு பூஞ்சைதான். உங்கள் வீட்டில் இருப்பது போதும்.

இந்த வாரமே அதே மருத்துவரிடம் போய், நிறுத்திவிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். மூச்சு வாங்குவதால் ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் போனால், விலா எலும்புகளுக்கு இடையில் சதை உள்வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், அவசர இன்ஹேலர் கொடுத்தும் தணியாவிட்டால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நீங்கள் கேட்காத கேள்வி: பாட்டியின் துடைப்பம்

ஆறாம் பக்கத்தின் அடியில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை மாத்திரை சாப்பிடும் மாமியார், உங்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று தினமும் காலையில் துடைப்பத்தால் அந்தச் சுவரைத் தட்டிவிடுகிறார் என்று. நான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் படித்தது அந்த இடத்தில்தான்.

வாரம் ஒரு முறை என்றால் அது மெத்தோட்ரெக்சேட்டாக இருக்கலாம். மாத்திரை அட்டையில் பெயர் இருக்கும், பாருங்கள். அதுவும், கூடவே பலர் எடுக்கும் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையும் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தணிப்பவை; மூட்டைத் தாக்கும் எதிர்ப்பை அடக்குவதுதான் அவற்றின் வேலையே. உங்களுக்கும் எனக்கும் பூஞ்சை பெரும்பாலும் தும்மலோடு போய்விடும். எதிர்ப்பு குறைந்த உடலில் அபூர்வமாக அது நுரையீரலுக்குள்ளேயே வேர்விடக்கூடும். காய்ந்த பூஞ்சையை உலர்ந்த துடைப்பத்தால் தட்டுவதைவிட அதிக வித்துகளைக் காற்றில் கிளப்பும் வழி எனக்குத் தெரியவில்லை. குழந்தை பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில், அதே அறையில், தினமும் அது நடந்திருக்கிறது.

அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்; உதவ நினைத்துத்தான் செய்தார். "மருத்துவர் தடுத்துவிட்டார்" என்று பழியை என் தலையில் போட்டுவிடுங்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது. அவருக்குக் காய்ச்சலோ, விடாத இருமலோ, மூச்சுத்திணறலோ இருந்தால் முடக்குவாத மருத்துவரிடம் பூஞ்சை விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவரும் மகளும் சுத்தம் செய்யும் நாளில் வீட்டிலேயே இருக்கக் கூடாது.

தண்ணீரைத் தேடுங்கள்

பிளீச்சும் பெயின்டும் ஏன் தோற்றன? பிளீச் முதலில் நிறத்தை எடுத்துவிடும். கறுப்பு மறைந்ததும் பூஞ்சை செத்தது என்று நாம் நம்புகிறோம்; பூச்சுக்குள் ஓடிய இழைகள் அங்கேயே இருக்கும். பிளீச்சில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், தாகத்தோடு இருந்தவனுக்குக் குடிக்கவும் கொடுத்துவிட்டோம். செத்த பூஞ்சைகூட ஒவ்வாமையைத் தூண்டும். அதனால் கொல்வதைவிட அகற்றுவதே முக்கியம். பெயின்டோ ஈரத்தை உள்ளே வைத்து மூடிவிட்டது. உங்கள் வீட்டுக் கொப்புளங்கள் அந்த ஈரம் வெளியே வர முயன்ற தடயம்.

நனைந்தவற்றை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பூஞ்சை பெரும்பாலும் பிடிக்காது. உங்கள் விஷயத்தில் அந்தக் கெடுவில் ஏறக்குறைய ஒரு நாள் தண்ணீர் வடிவதற்குள்ளேயே போய்விட்டது. யார் நினைத்தாலும் அதைப் பிடித்திருக்க முடியாது. தரை உலர்ந்துவிட்டது, சுவர் உலரவில்லை. ஊறிய சுவர் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும் என்பது கட்டடக்காரர்களின் பழைய கணக்கு. அப்படிப் பார்த்தால் மூன்று மாதத்தில் உங்கள் சுவரில் மூன்று அங்குலம்தான் உலர்ந்திருக்கும்.

இப்போது ஒரு சிறு சோதனை. இதற்குச் செலவே இல்லை. ஆனால் உங்கள் வீட்டுச் சண்டையையே தீர்க்கக்கூடியது. சுவரில் பூஞ்சை இல்லாத, தொட்டால் உலர்ந்திருக்கும் இடத்தில் ஒரு அடிச் சதுரத்துக்கு அலுமினியத் தாளை வைத்து நான்கு பக்கமும் இடைவெளி விடாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் அறைப் பக்கம் நீர் முத்துகள் இருந்தால் ஈரம் வீட்டுக் காற்றிலிருந்து வருகிறது: ஈரத்துணி, சமையல் ஆவி, குளியலறை. தாளைப் பிரித்ததும் சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தரையிலிருந்து ஏறும் ஓதம், வெளிச்சுவர் வெடிப்பு, உள்ளே கசியும் குழாய் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேட வேண்டும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்ட பிறகும் தண்ணீர் மீட்டர் ஓடினால் குழாயைச் சந்தேகியுங்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாகப் பொரிந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்தால் அது உப்புப் பூத்தது, பூஞ்சையே இல்லை. ஆனால் சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

துடைக்கும் நாள்

ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் வரை நாமே சுத்தம் செய்யலாம், அதற்கு மேல் போனால் பழகியவர்களிடம் விட வேண்டும் என்பது பொதுவான வரம்பு. நீங்கள் சரியாக அந்த எல்லையில் நிற்கிறீர்கள். வந்தது சாக்கடை கலந்த தண்ணீர் என்பதால், தண்ணீர் நின்ற உயரம் வரை பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசுவதே நல்லது. அது கொத்தனார் வேலை. அவரும் முகக்கவசம் அணிய வேண்டும்.

மேல்பகுதியை உங்கள் கணவர் செய்யலாம், அவருக்கு மூச்சுத் தொல்லை எதுவும் இல்லை என்றால். என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, காற்றுத் துளை இல்லாத கண்ணாடி ஆகிய மூன்றும் வேண்டும். துணிக் கவசம் வித்துகளைத் தடுக்காது. அறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சோப்புத் தண்ணீரைத் தெளித்துச் சுவரை நனைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். கொப்புளப் பெயின்டையும் ஈரத்தோடேயே சுரண்ட வேண்டும். துடைத்த துணியைப் பையில் கட்டி எறியுங்கள். சுவிட்சுப் பலகையைச் சுற்றி ஈரம் இருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை அதைத் தொடாதீர்கள்.

பிளீச் கட்டாயமில்லை, அதன் நெடியே ஆஸ்துமாவைத் தூண்டும். வழவழப்பான ஓட்டுத் தளத்துக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கோப்பைக்கு மேல் வேண்டாம். கழிப்பறை அமிலம், வினிகர், அமோனியா கலந்த திரவம் எதனோடும் அதைச் சேர்க்கவே கூடாது. கிளம்பும் வாயு பூஞ்சையைவிடப் பல மடங்கு பொல்லாதது. சுவரை உலர்த்தவென்று மூடிய அறையில் கரியோ எரிவாயு அடுப்போ மூட்டுவதும் அப்படித்தான்: கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். எரிவாயு எரிந்தால் நீராவியும் வெளிவரும் என்பதால் சுவருக்கும் பயனில்லை. வாசனை ஸ்பிரே, ஓசோன் இயந்திரம் இரண்டும் குழந்தையின் மூச்சுக்குழாய்க்குக் கூடுதல் எரிச்சல். ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் மிதக்கும் வித்துகளைப் பிடிக்கும். சுவரை அது ஒன்றும் செய்யாது.

மெத்தையை மட்டும் காப்பாற்ற முயலாதீர்கள். சாக்கடையில் ஊறிய பஞ்சு மேலே காய்ந்தாலும் உள்ளே காயாது. அதன்மேல் ஒரு குழந்தை தினமும் முகம் புதைத்துத் தூங்குகிறாள். இன்றே வெளியேற்றுங்கள். தலையணைகளும் நனைந்திருந்தால் அவையும் போகட்டும். துணிகளைத் துவைத்துக் காயவைத்தால் போதும்.

சொந்தக்காரர் சொல்வதில் எவ்வளவு உண்மை?

கொஞ்சம் உண்டு. ஒரு குடும்பத்தின் மூச்சு, சமையல், குளியல், ஈரத்துணி எல்லாம் சேர்ந்து தினமும் பல லிட்டர் தண்ணீரை வீட்டுக் காற்றில் கலக்கின்றன. துணியைப் படுக்கையறையில் காயப்போடாதீர்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஈரப்பதமானி ஒன்றை வாங்கி மாட்டினால் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று தெரியும். ஆனால் ஜன்னலைத் திறந்தால் எப்போதும் நல்லது என்பது சரியில்லை. மழை நேரத்தில் வெளிக்காற்று உள்காற்றைவிட ஈரமாக இருந்தால், திறந்த ஜன்னல் ஈரத்தை அழைத்து வரும். வெயில் அடிக்கும் நேரத்தில் திறந்து, மழையில் மூடுங்கள்.

சாக்கடை எதிர்த்து வந்து ஊறிய சுவருக்கு ஈரத்துணியைக் காரணம் காட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. பிரிட்டனில் 2020 டிசம்பரில் ஒரு 2 வயதுக் குழந்தை இறந்தது. வீட்டுப் பூஞ்சையை நீண்ட காலம் சுவாசித்ததே காரணம் என்று 2022-ல் மரண விசாரணை முடிவு செய்தது. அந்தப் பெற்றோரிடமும் முதலில் பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். பிறகு வாழும் முறையைக் குறை சொன்னார்கள். அடுத்த ஆண்டு, குறைந்த வாடகைக்கு விடப்படும் சமூக வீடுகளில் ஈரத்தையும் பூஞ்சையையும் குறித்த கெடுவுக்குள் சரிசெய்ய வழிசெய்யும் சட்டம் அங்கே நிறைவேறியது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அந்த வீட்டில் பூஞ்சை வருடக்கணக்கில் இருந்தது. "உங்கள் பழக்கம்தான் காரணம்" என்ற பதிலோடு ஒரு புகார் முடிந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதினேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. வாடகைச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். என்னிடம் வரும் குடும்பங்களில் யார் வென்றார்கள், யார் தோற்றார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன். வாய்வார்த்தையாகச் சொன்னவர்கள் தோற்றார்கள். தேதியோடு புகைப்படம், அலுமினியத் தாள் சோதனையின் படம், மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றை இணைத்து, சுவரைச் சரிசெய்யும்படி எழுத்தில் கேளுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் பழுதுபார்ப்பு யார் பொறுப்பு என்ற வரியைத் தேடுங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். பல இடங்களில் அதுவே உங்களை வெளியேற்றக் காரணமாகிவிடும். உங்கள் செலவில் சரிசெய்து வாடகையில் கழிப்பதாக இருந்தாலும், அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதம் கையில் வந்த பிறகே கொத்தனாரைக் கூப்பிடுங்கள். அவர் அசையாவிட்டால் உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவும் ஒரு வழக்கறிஞரும் அடுத்த படிகள்.

காலி செய்ய வேண்டுமா?

இன்றிரவே என்றால், வேண்டாம். இன்றிரவு மகளையும் மாமியாரையும் வேறு அறைக்கு மாற்றி, இந்த அறையின் கதவைச் சாத்தி, அடியில் துணியைச் செருகிவிடுங்கள். பிறகு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள்: எந்த இரவு இருமினாள், எத்தனை முறை அவசர இன்ஹேலர் தேவைப்பட்டது, எங்கே தூங்கினாள். இடையில் ஒரு வாரம் உறவினர் வீட்டில் தங்க முடிந்தால் இன்னும் நல்லது. அங்கே இருமல் நின்று, திரும்பியதும் மறுபடி தொடங்கினால் அந்த நோட்டு எந்த ஆய்வகச் சோதனையையும்விட உறுதியாகப் பேசும்.

இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும் இரைப்பு வந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வந்தும் சொந்தக்காரர் சரிசெய்ய மறுத்தால், அல்லது பூஞ்சை அடுத்த அறைக்கும் போனால் வேறு வீடு பாருங்கள். மாமியாரின் மருத்துவர் அந்த வீடு அவருக்கு ஆகாது என்றால் அது ஒன்றே போதும். மற்றவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். புது வீடு பார்க்கப் போகும்போது அறைகளின் அழகை அப்புறம் பார்க்கலாம். முதலில் அலமாரிகளைத் திறந்து முகர்ந்து பாருங்கள்; கீழ்ச்சுவரில் புதுப் பெயின்ட் மட்டும் ஒரு பட்டையாக அடித்திருந்தால் ஏனென்று கேளுங்கள்.

மூன்று வாரம் கழித்து, அலுமினியத் தாளின் எந்தப் பக்கம் நனைந்திருந்தது, மாமியாரின் மாத்திரை அட்டையில் என்ன பெயர் இருந்தது, நோட்டில் எத்தனை இரவுகள் இருமல் என்று எழுதியிருக்கிறது ஆகிய மூன்றையும் எனக்கு எழுதுங்கள். எட்டுப் பக்கம் வேண்டியதில்லை, ஒரு அஞ்சலட்டை போதும்.